முன்னூற்றுப் பதினைந்தும் முப்பத்திரண்டும்

ஆணுறையைப் பற்றி எங்கள் பக்கம் இரண்டு பேச்சுதான் காதில் விழும். "கவர்மென்ட்ல குடுக்கிறது கிழிஞ்சிடும்" என்பது ஒன்று. "கம்பெனி சரக்கு, காசு குடுத்து வாங்கினா பயமில்ல" என்பது மற்றது. புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு போன்ற ஓர் ஊரில் இந்தப் பேச்சுக்குக் கனம் அதிகம். தொழிற்பேட்டையின் ஷிப்ட் வேலை, வாடகை அறைகளில் வெளியூர், வெளிமாநில இளைஞர்கள், சரக்கு ஏற்ற வந்து நிற்கும் லாரிகள், இரண்டு சம்பளத்தை நம்பிக் குடித்தனம் தொடங்கிய இளம் தம்பதிகள் என்று ஊரே மாறியிருக்கிறது. இங்கே ஓர் ஆணுறை கிழிந்தால் ஒரு பெண்ணின் வேலை போகலாம், ஓர் ஆணின் உடம்பில் வாழ்நாள் நோய் தங்கலாம். ஆகவே அதை எப்படிச் செய்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன இரண்டு பேச்சுமே ஆராயாமல் வந்தவை.

இந்தத் தொழில் தென்னிந்தியாவுக்கு அந்நியமில்லை. கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் தரும் ரப்பர் பால்தான் இதற்கு அடிப்படை. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனம் 1966இல் பதிவாகி, ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் உற்பத்தியைத் தொடங்கியது. எச்.எல்.எல். லைஃப்கேர் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். அதற்குச் சற்று முன்பே சென்னை பல்லாவரத்தில் டி.டி.கே. குழுமமும் லண்டன் ரப்பர் கம்பெனியும் சேர்ந்து ஆலை வைத்திருந்தன. பிறகு விருதுநகர், புதுச்சேரி என்று அந்தக் குழுமத்தின் உற்பத்தி பரவியது. அரசின் நிரோத் ஆணுறை 1968இல் சந்தைக்கு வந்தபோது மூன்று உறை பதினைந்து காசு. தேயிலையும் சோப்பும் விற்ற பெரிய கம்பெனிகளின் விநியோகஸ்தர்கள் வழியாக அது பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மரத்தில் இறங்கிய பாலை அம்மோனியா கலந்து கெடாமல் வைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, ரப்பர் அளவு அறுபது சதவீதம் ஆகும்வரை செறிவாக்குகிறார்கள். கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையை விரைவுபடுத்தும் வேதிப்பொருள்கள், காற்றுபட்டுக் கெடாமல் காக்கும் பொருள்கள் எல்லாம் சேர்த்துச் சில நாள் பக்குவப்பட விடுகிறார்கள். பிறகு கண்ணாடி அச்சுகள் வரிசையாக அந்தப் பாலில் முங்கி எழுகின்றன. ஒருமுறை முங்கி உலர்ந்ததும் இரண்டாவது முறை. முதல் படலத்தில் ஒரு குமிழி ஓட்டை விட்டிருந்தால் இரண்டாவது படலம் அதை மூடும். விளிம்பைத் தூரிகை சுருட்டி வளையமாக்குகிறது. அடுப்பில் வெந்த பின் தண்ணீரில் கழுவி, கரையும் புரதங்களையும் எஞ்சிய ரசாயனங்களையும் நீக்கி, அச்சிலிருந்து உரித்து, ஒட்டாமலிருக்கப் பொடி தூவி உலர்த்துகிறார்கள். இந்த வரிசையில் எங்கேயும் கைக்கணக்கு கிடையாது. பாலின் பிசுபிசுப்பு சற்று மாறினாலும், அடுப்பின் சூடு வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கினாலும், ஆயிரக்கணக்கான உறைகள் ஒரே மாதிரிக் கெடும். சோதனையின் வேலை அதைப் பிடிப்பது.

முதல் சோதனை ஒவ்வோர் உறைக்கும் நடப்பது. உலோகக் கோலில் உறையை மாட்டி மின்சாரம் செலுத்துகிறார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எங்கேனும் ஓட்டையோ மெலிவோ இருந்தால் மின்சாரம் அந்த வழியே பாயும், இயந்திரம் அந்த உறையைத் தள்ளிவிடும். இலவச உறை, முப்பது ரூபாய் உறை, வாசனை உறை எல்லாம் இதே கோலில்தான் ஏறி இறங்குகின்றன. "கவர்மென்ட் சரக்கு" பற்றிய பேச்சு இங்கேயே பாதி விழுந்துவிடுகிறது. சட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான். மருந்துகள் மற்றும் அழகுசாதன விதிகளின் 'ஆர்' அட்டவணை ஆணுறைக்கான தரத்தை வரையறுத்தது. 2017இன் மருத்துவக் கருவி விதிகளின்கீழ் அது 'சி' வகுப்புக் கருவி, உரிமம் தரும் அதிகாரம் மத்திய அமைப்பிடம். விலைக்கேற்றபடி பாதுகாப்பு குறையவோ கூடவோ சட்டத்தில் இடமில்லை.

ஆனால் இந்த மின்சோதனை நடக்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். கோலிலிருந்து சுருட்டி இறக்குவது, சிலிக்கோன் எண்ணெய் விடுவது, ஃபாயிலில் வைத்து ஒட்டுவது எல்லாம் இதற்குப் பிறகு. அந்தக் கட்டங்களில் நகக்கீறலோ இயந்திரக் கிள்ளலோ ஏற்பட்டால் தனித்தனியாகப் பிடிக்க வழியில்லை. அங்கே மாதிரிச் சோதனை ஒன்றுதான் காவல்.

மாதிரிச் சோதனையில் இரண்டு பெரியவை. ஒன்று நீர்ச் சோதனை: உறைக்குள் 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுக் கசிகிறதா என்று பார்த்து, பிறகு கட்டி உறிஞ்சுதாளின்மேல் உருட்டுகிறார்கள். மற்றது காற்றுச் சோதனை: உறை வெடிக்கும்வரை ஊதுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 4074 என்னும் சர்வதேசத் தரநிலைப்படி சாதாரண அகலமுள்ள உறை வெடிக்குமுன் குறைந்தது 18 லிட்டர் காற்றையும், குறைந்தது ஒரு கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் தோல்வி. வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொண்டால், அந்த மெல்லிய படலம் எவ்வளவு பெருக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். இந்தச் சோதனை எனக்கு மிகுந்த மரியாதையை ஏற்படுத்துகிறது. நீர்ச் சோதனை இருக்கிற ஓட்டையைக் காட்டும். காற்றுச் சோதனையோ இனிமேல் கிழியப்போகிற இடத்தை முன்கூட்டியே காட்டிவிடும். பால் சரியாகப் பக்குவப்படவில்லை, அடுப்பு சரியாக வேகவைக்கவில்லை என்றால் அது இங்கே தப்பாது.

எத்தனை உறையைச் சோதிக்கிறார்கள், எத்தனை தோற்றால் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. எல்லாரும் தாண்டிப்போகிற இடம் இது. ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த சரக்கில், ஐந்து லட்சம் உறைகள்வரை இருக்கலாம். அதிலிருந்து 315 உறைகளை எடுத்து ஓட்டை பார்க்கிறார்கள். இரண்டு வரை ஓட்டை இருந்தால் லாட் தேறும்; மூன்றாவது வந்தால் தோற்கும். ஏற்கத்தக்க தர அளவு 0.25 சதவீதம் என்று தரநிலை சொல்வதன் பொருள் நடைமுறையில் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். புள்ளியியல் படித்த யாரும் போடக்கூடிய கணக்குதான். லாட்டில் உண்மையாகவே நானூறுக்கு ஒன்று ஓட்டை என்றால், இருபது லாட்டில் பத்தொன்பது தேறும். நூற்றுக்கு இரண்டு ஓட்டை என்றால், இருபதில் ஒன்றுதான் தேறும். மோசமான லாட்டை இந்தச் சோதனை நன்றாகவே பிடிக்கிறது. நடுவில்தான் சிக்கல். நூற்றுக்கு ஒன்று ஓட்டை உள்ள லாட், அதாவது ஏற்கத்தக்க அளவைப்போல நான்கு மடங்கு கெட்ட லாட், பத்தில் நான்கு முறை இந்தச் சோதனையைத் தாண்டிப்போகும்.

ஆலைக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதிலில் நியாயம் இருக்கிறது. நானூறுக்கு ஒன்று என்ற எல்லையிலேயே உற்பத்தி நடந்தால் இருபதில் ஒரு லாட்டை அழிக்க வேண்டிவரும், எந்த முதலாளி அதைத் தாங்குவார்? ஆகவே அவர்கள் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கிறார்கள். தொடர்ச்சியான ஐந்து லாட்டில் இரண்டு தோற்றால் இன்னும் கடுமையான சோதனைக்கு மாற வேண்டும் என்ற விதியும் உண்டு. மாதிரிச் சோதனை ஒரு தனி லாட்டின் ஜாதகத்தைச் சொல்வதற்கு வந்ததில்லை, நீண்ட காலத்தில் ஆலையை ஒழுங்காக வைத்திருப்பதற்கு வந்தது. இதை ஏற்கிறேன். ஆனால் இதே வாதம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: ஆலையின் தொடர் வரலாறு தெரியாமல், ஒரு லாட்டை மட்டும் டெண்டரில் வாங்கிக் கிடங்கில் வைக்கும் ஒருவருக்கு அந்த 315 போதாது. தனி லாட்டைச் சோதிப்பவர் பெரிய மாதிரி எடுக்க வேண்டும் என்று அந்தத் தரநிலையின் பின்னிணைப்பே சொல்கிறது. வாங்குபவர் பக்கம் அதைச் செய்கிறார்களா என்பதை நாம் தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் லாட் வாரியான முடிவுகள் பொதுவில் கிடைப்பதாகத் தெரியவில்லை.

என் பெரிய மனக்குறை வேறோர் எண்ணில் இருக்கிறது. ஃபாயில் பாக்கெட்டின் ஒட்டு சரியாக இருக்கிறதா என்ற சோதனைக்கு, அதே ஐந்து லட்சம் லாட்டில், 32 பாக்கெட்டுகள் போதும் என்கிறது தரநிலை. அவற்றில் இரண்டு கசிந்தாலும் லாட் தேறும். ஏற்கத்தக்க அளவு 2.5 சதவீதம், ஓட்டைக்கு அனுமதித்ததைப்போலப் பத்து மடங்கு. இதையும் கணக்கிட்டேன். இருபது பாக்கெட்டில் ஒன்று கசியும் லாட் ஐந்தில் நான்கு முறை தேறிவிடும். பத்தில் ஒன்று கசியும் லாட்கூட மூன்றில் ஒரு முறைக்கு மேல் தேறும். லண்டனிலோ பெர்லினிலோ இது பெரிய விஷயமாக இல்லாமலிருக்கலாம். அங்கே உறை குளிர்ந்த கிடங்கிலிருந்து குளிர்ந்த கடைக்கு வந்து சில மாதங்களில் விற்றுப்போகிறது. இங்கே நிலைமை அப்படியில்லை.

இயற்கை ரப்பருக்கு ஆக்சிஜன் எதிரி, ஓசோன் அதைவிடப் பெரிய எதிரி, வெயில் இரண்டுக்கும் துணை. ஃபாயில் முழுதாக மூடியிருந்தால் இவற்றில் பெரும்பகுதி உள்ளே வராது. இதனால்தான் வெப்பத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் பயத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. தகரக் கூரைக் கிடங்கில் வைத்தாலே ஆணுறை உருகிப் போய்விடும் என்று சொல்வோர் உண்டு, அது மிகை. காலாவதி நாளை நிர்ணயிக்கும் ஆய்வு 30 டிகிரி செல்சியஸில் ஆண்டுக்கணக்கில் நடப்பது, வெப்ப நாடுகளை மனதில் வைத்துத்தான் அந்த எண்ணைத் தேர்ந்தார்கள். வடிவமைப்பை ஏற்பதற்கு முன் 70 டிகிரியில் ஏழு நாள் வேகவைத்தும் பார்க்கிறார்கள். எந்த உறைக்கும் ஐந்தாண்டுக்கு மேல் ஆயுள் தரக்கூடாது என்பதும் விதி. நல்ல ஃபாயிலில், வெயில் நேரே படாத இடத்தில் இருந்தால், குளிர்சாதனம் இல்லாத கிடங்கும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தப் பாதுகாப்பு முழுக்க அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது: நல்ல ஃபாயில். ஒட்டு விட்டுப்போன பாக்கெட்டில் எண்ணெய் வற்றும், காற்று நுழையும். அப்புறம் சித்திரை வெயிலில் லாரி கேபினில் கிடந்த நாட்களும், மழைக்காலப் புழுக்கத்தில் அலமாரியில் கிடந்த மாதங்களும் அந்த ரப்பரில் வேலை செய்யும். ஐந்தாண்டு ஆயுள் என்று அச்சடித்த தேதி அந்தப் பாக்கெட்டுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அந்த ஒட்டைப் பார்க்க 32 என்பது, எங்கள் ஊர் வானிலைக்கு, பலவீனமான காவல் என்பது என் முடிவு.

ஆலை வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் மூன்று சாட்சிகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 2007இல் அரசு இலவசமாகக் கொடுத்த சுமார் இரண்டு கோடி உறைகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. தரச் சான்று தரும் அமைப்பின் அதிகாரி லஞ்சம் வாங்கிக்கொண்டு தோற்ற சரக்கைத் தேறியதாகக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. கானாவில் 2013இல் சீனாவிலிருந்து வந்த பதினொரு கோடிக்கும் மேற்பட்ட உறைகளை அந்நாட்டு மருந்துத் தர ஆணையம் பிடித்து நிறுத்தியது. ஓட்டையும் இருந்தது, எளிதில் வெடிக்கவும் செய்தன. உகாண்டாவில் 2019இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட லைஃப்கார்ட் உறைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஓட்டைச் சோதனையிலும் வெடிப்புச் சோதனையிலும் தோற்றிருந்தன. அவை இந்தியத் தயாரிப்பு. அந்த மூன்றாவது செய்தி எனக்கு நெருடலாக இருந்தது. அந்த உறைகளுக்கும் இங்கே தேறியதாக ஒரு தாள் இருந்திருக்க வேண்டும். அந்நாட்டு ஆய்வகம் தானே மறுபடி சோதித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது, அதுவும் சரக்கு மக்கள் கைக்குப் போன பிறகு. பின்னிரண்டு கதையிலும் பொதுவானது ஒன்று: விற்பவரின் தாளை நம்பாமல் வாங்கியவர் பக்கம் ஒருவர் பார்த்தார், பார்த்ததை ஊரறியச் சொன்னார். உகாண்டாவில் லாட் எண்ணும் பத்திரிகையில் வந்தது. நம் நாட்டில் அந்த வழக்கம் வேர்விடவில்லை.

இங்கே ஆணுறை செய்தியானது வேறொரு காரணத்துக்காக. 2013இல் அதை விலைக்கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனிகள் நீதிமன்றம் போயின. எல்லா உறையும் அத்தியாவசிய மருந்தில்லை, சில இன்பத்துக்கான பொருள் என்றுகூட வாதம் நடந்தது. 2015 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த விலை உச்சவரம்பை ரத்து செய்தது. வழக்கு முழுக்கக் காசைப் பற்றியது. அத்தனை வழக்கறிஞர் உழைப்பில் ஒரு சிறு பகுதி, லாட் வாரியாகச் சோதனை முடிவை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கிடைத்திருந்தால் சேதராப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறவருக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

தரத்தைப் பற்றிப் பேசும்போது பயன்பாட்டை விட்டுவிட முடியாது. தவறாமல், சரியாகப் பயன்படுத்தும் தம்பதிகளில் ஓராண்டில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கரு தங்குகிறது. நடைமுறையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில் அது பதின்மூன்று. இந்தப் பதினொன்றின் இடைவெளிக்கு ஆலை காரணமில்லை. எப்போதாவது போடாமல் விடுவது, பாதியில் போடுவது ஒரு பக்கம். மறு பக்கம் எங்கள் வீடுகளில் எப்போதும் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய். எண்ணெயும் வாஸ்லைனும் இயற்கை ரப்பரை மிக விரைவில் வலுவிழக்கச் செய்யும். 18 லிட்டர் தாங்கிய உறை அதன்பின் என்ன தாங்கும் என்று சொல்ல முடியாது. இதைப் பாக்கெட்டில் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடாதது ஒரு தரக்குறைவு என்றே நான் கணக்கில் எழுதுவேன். ஒரு கருவியின் தரம் என்பது அதைப் பயன்படுத்துகிறவருக்குப் புரியும்படி சொல்வதையும் சேர்த்ததுதான்.

ஆணுறையின்மேல் உள்ள அவநம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார் என்பதும் தெரிந்ததே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவரின் ஆணுறையை நம்பியிருப்பவர்கள் 9.5 சதவீதம். "கிழிஞ்சிடும்" என்று ஓர் ஆண் எளிதாகச் சொல்லிவிடுகிறான், அதன் முடிவில் அறுவைச் சிகிச்சை மேசையில் படுப்பவள் பெண்.

என் தீர்ப்பு இது. இந்தியாவில் உரிமம் பெற்ற ஆலையிலிருந்து வரும் ஆணுறை, இலவசமானாலும் விலை கொடுத்ததானாலும், பாக்கெட் ஊதிய நிலையில் காற்றோடு முழுதாக இருந்து, தேதி தாண்டாமல் இருந்தால், நம்பிப் பயன்படுத்தத் தக்கது. ரப்பரின் தரத்தைப் பார்க்கும் சோதனைகள் வலுவானவை; குறிப்பாகக் காற்றுச் சோதனையை மிஞ்சிய ஒன்றை யாரும் இன்னும் கொண்டுவரவில்லை. ஆனால் ஃபாயிலைப் பார்க்கும் சோதனை நம் நாட்டுக்குப் போதாது. ஆலை வாசலுக்கு வெளியே நடக்கும் கண்காணிப்போ, மக்கள் பார்க்கும்படி இல்லாதவரை, இருப்பதாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

ஃபாயில் குறையைத் தீர்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒட்டுச் சோதனை மிக எளியது: மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீருக்குள் பாக்கெட்டுகளை அமிழ்த்தி, மேலேயுள்ள காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். ஒட்டு விட்டிருந்தால் குமிழி வரும். வேதிப்பொருள் வேண்டாம், பயிற்சிக்கு ஒரு நாள் போதும். தரநிலைக் குழு 32ஐ 315 ஆக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. புதுச்சேரி சுகாதாரத் துறை தன் மருந்துக் கிடங்கில் இப்படி ஒரு பாத்திரத்தை வைத்து, வந்திறங்கும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் முன்னூற்றுப் பதினைந்து பாக்கெட் எடுத்துப் பார்க்கலாம். ஓராண்டு கழித்து, கொம்யூன்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எஞ்சியிருக்கும் அதே லாட்டிலிருந்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம். லாட் எண், எத்தனை எடுத்தோம், எத்தனை கசிந்தது என்று மூன்று பத்திகளில் மாதாமாதம் தமிழில் எழுதி, ஆணுறைப் பெட்டி மாட்டியிருக்கும் சுவரிலேயே ஒட்டலாம்.